ஐயாயிரம் அடிக் கோடும் இடம்பெயரும் காலநிலையும்: ராகலைச் சரிவை முன்வைத்து மலையக வன முகாமை

இலங்கையின் முதலாவது வனக் கட்டளைச் சட்டம் 1885இல் வந்தது. மலைக்காட்டுக்கான எல்லை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. கோப்பிக்காக மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த 1873இல், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விடும்படி குடியேற்ற அரசுக்கு ஆலோசனை கூறினார். ஆறுகளின் ஊற்றும் மழையும் கெட்டுவிடக் கூடாது என்பதே நோக்கம். ஹோர்ட்டன் சமவெளி, பிதுருதலாகல, ஹக்கல ஆகிய இடங்களில் இன்று எஞ்சியிருக்கும் காடு, பெருமளவுக்கு அந்த ஆலோசனையால் தப்பியது.

ஆனால் அந்தக் கோட்டுக்கு அடியில் ஓர் எடுகோள் இருந்தது: காலநிலை இருந்த இடத்தில் இருக்கும், காட்டைக் கோடாரியிடமிருந்து காத்தால் போதும். இந்த எடுகோள் இன்று செல்லாது. உச்சிக்கு வேலி போடும் முகாமையிலிருந்து, உச்சி முதல் ஓடை வரை முழுச் சரிவையும் ஓர் அலகாகக் கொள்ளும் முகாமைக்கு மாறாவிட்டால், வேலிக்குள் இருக்கும் காடும் நிலைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ராகலை இதற்குப் பொருத்தமான களம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக வலப்பனைக்கு இறங்கும் கிழக்குச் சரிவில் அது இருக்கிறது. கோடு இங்கே ஒருபோதும் முழுமையாக மதிக்கப்படவில்லை. கந்தப்பளை, ஹைபொரஸ்ட், ராகலை எங்கும் ஐயாயிரம் அடிக்கு மேலும் தேயிலைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து போடப்பட்ட குறுகிய இருப்புப்பாதை ராகலையில் வந்து முடிந்ததும் தேயிலைக்காகவே. காடு என்று மிஞ்சியது மலைமுடிகளும், தேயிலை நட முடியாத ஓடைப் பள்ளங்களும்.

மழை நிழலும் இங்கே ஒரு காரணி. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலை தாண்டி இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்தக் காற்றுதான் இப்பகுதியின் உடப்புசல்லாவைத் தேயிலைக்கு மணத்தைத் தருகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பீலியில் தண்ணீரை நூலாக்குவதும் அதே காற்றுதான். மானாப்புல் காய்ந்து நிற்கும் அந்த மாதங்களில் ஒரு தீக்குச்சி போதும். மலையகத்தில் காட்டுத்தீ இயற்கையாக மூள்வது அரிது; வேட்டைக்கும் மாட்டுக்கான இளம்புல்லுக்கும் மனிதர் வைப்பதே அதிகம். வறட்சி நீண்டால் புல்லில் வைத்த தீ காட்டு ஓரத்தோடு நிற்பதில்லை.

வெப்பத்தின் கணக்கு எளிது. 1961 முதல் 1990 வரை இலங்கையின் சராசரி வெப்பநிலை ஆண்டுக்கு 0.016 பாகை செல்சியஸ் வீதம் கூடியதாக வளிமண்டலவியல் பதிவுகள் காட்டுகின்றன. மலையில் ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். அப்படியானால் ஒரு பாகை வெப்பம் கூடும்போது, ஒரு மரத்துக்குப் பழகிய காலநிலை ஏறத்தாழ 167 மீற்றர் மேலே போய்விடுகிறது. ஐயாயிரம் அடி என்பது 1524 மீற்றர். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகல 2524 மீற்றர். ஆக, கோட்டுக்கு மேலே மரங்கள் ஏறிப்போக இருப்பது ஆயிரம் மீற்றர் மட்டுமே. ஏற ஏற நிலத்தின் பரப்பும் குறுகும். அதற்கப்பால் போக இடமில்லை.

உச்சிக் காடு ஏற்கெனவே நலமாக இல்லை. ஹோர்ட்டன் சமவெளியிலும் தொட்டுப்பொலகந்தையிலும் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போவது 1970களிலேயே பதிவானது. மண்ணில் ஈரக் குறைவு, ஊட்டச்சத்துக் குறைவு, ஈயம் போன்ற உலோகங்கள், நோய்க்கிருமிகள், மரைகளின் மேய்ச்சல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. எந்த ஒன்றும் தனித்து முழு விளக்கமாகவில்லை. இந்த முடிவின்மையிலும் ஒரு செய்தி உண்டு. மூடுபனியிலிருந்து நீரை வடித்தெடுத்து வாழும் மரம், பனியும் மழையும் முறை தவறும்போது மற்ற எல்லாத் தாக்குதலுக்கும் எளிதில் ஆளாகிறது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாகவும் 2010இல் உலக மரபுரிமையின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்ட நிலம். அந்த அறிவிப்புகளால் மரம் பட்டுப்போவதைத் தடுக்க முடியவில்லை.

கோட்டுக்கு இரு புறமும் தேயிலைக்கு நடுவே நிற்கும் மரங்களைப் பார்ப்போம். தோட்டங்களில் டர்பன்டைன் என்று அழைக்கப்படும் யூக்கலிப்டஸ் வேகமாக வளரும், பலகைக்கு விலைபோகும், தொழிற்சாலை அடுப்புக்கும் லயத்து அடுப்புக்கும் விறகாகும். அது குடிக்கும் நீரின் அளவை நீலகிரியில் அளந்திருக்கிறார்கள். உதகைக்கு அருகே கிளென்மார்கனில் புல்வெளி நீரேந்து பகுதியொன்றில் யூக்கலிப்டஸ் நட்டுப் பார்த்த மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வில், முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 வீதமும், வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 வீதமும் குறைந்தன. மழை நம்பகமாக இருந்த காலத்தில் இந்த இழப்பு கண்ணில் படாமல் போகலாம். வறண்ட ஓகஸ்டில் பீலிக்கரையில் வரிசை நிற்பவர்களுக்கு அது தெரியும்.

பெருந்தோட்டக் கம்பனிகளை மட்டும் குறை சொல்வது எளிது, ஆனால் போதாது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறின; அவற்றின் குத்தகை 2045இல் முடிகிறது. அறுபது எழுபது ஆண்டுகள் கழித்துப் பயன்தரும் உள்நாட்டு மரத்தை அந்தக் கால எல்லைக்குள் நட யாருக்கும் ஊக்கமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டில் வெட்டக்கூடிய மரமே கணக்குக்கு உதவும். தொழிலாளர் நிலையும் இதே முடிச்சில்தான். கவ்வாத்து வெட்டிய மிலாறு தேயிலை அடியிலேயே கிடந்தால் மண்ணுக்கு உரம், ஈரத்துக்குப் போர்வை. ஆனால் அதைக் கட்டித் தலையில் சுமந்து போகாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரியாது. விறகுக்கு மாற்று வழி தராமல் ஓடைக்கரைக் காட்டைக் காக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது.

மறுபுறம் பெருமழை. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குரான்கெத்தையிலும் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மண்சரிவின் கொடுமை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் அதிகம். அத்தகைய மழையில் காடு நின்ற சரிவும் சரியும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆழமான சரிவை வேர் தடுக்காது. மேல்மண் வழுகும் சிறு சரிவுகளையே அது தடுக்கும். எனவே மரம் நடுவது, ஆபத்தான இடத்திலிருக்கும் லயங்களை அப்புறப்படுத்துவதற்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும்.

அரசின் இலக்கு 2030இல் நாட்டின் காட்டுப் பரப்பை 32 வீதமாக்குவது. 2010இல் அது 29.7 வீதம். இந்த எண் எங்கே, என்ன மரம் என்று கேட்பதில்லை. 2010 கணக்கெடுப்பில் மலைக்காடு சுமார் 45,000 ஹெக்டெயர். அதற்குக் கீழுள்ள இடைமலைக்காடு சுமார் 28,500 ஹெக்டெயர். மேலே ஏற வேண்டிய மரங்கள் புறப்பட வேண்டியது இந்த இடைமலையிலிருந்துதான். அந்தப் படிக்கட்டே சிறுத்துக் கிடக்கும்போது, வறண்ட வலயத்தில் நட்ட மரங்களால் வீதம் கூடினாலும் மலைக்கு அதனால் பயனில்லை.

செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணதிலக்க தம்பதியரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனும் பைன் தோப்பில் சில வரிசைகளை மட்டும் அகற்றி, அந்த வெளிச்சத்தில் மழைக்காட்டு மரக் கன்றுகளை வளர்த்துக் காட்டினார்கள். தோப்பை ஒரேயடியாக வெட்டவில்லை; நிழலைப் படிப்படியாகத் திறந்தார்கள். சிங்கராஜ தாழ்நில ஈரக்காடு. உறைபனியும் வறள்காற்றும் உள்ள ராகலைக்கு வேறு மரங்களும் வேறு இடைவெளிகளும் தேவைப்படும். முறை மட்டும் கைமாறத் தக்கது.

ஓடைக்கரைக் காட்டுத் துண்டுகளை அளந்து, தேயிலைக்கு உதவாத நிலங்கள் வழியாக அவற்றை மேலுள்ள காட்டோடு இணைக்க வேண்டும். அறுவடைக்கு வந்த யூக்கலிப்டஸ் தோப்புகளில், நீரூற்றுக்கு அருகில் இருப்பவற்றை மீண்டும் துளிர்க்கவிடாமல் உள்நாட்டு மரத்துக்கு மாற்ற வேண்டும். குத்தகை நிபந்தனையில் இதற்கு இடமும் ஈடும் வைக்க வேண்டும். தீத்தடுப்புக் கோடுகளை வறட்சிக்கு முன்பே வெட்டும் வேலையை, கூலியோடு, அந்தத் தோட்டத்து மக்களிடமே கொடுக்க வேண்டும். வனப் பாதுகாப்புத் திணைக்களம், தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், கம்பனிகள், பிரதேச செயலகம் நான்கும் ஒரே வரைபடத்தை மேசையில் விரித்து உட்காராமல் இவற்றில் எதுவும் நடக்காது. குத்தகை முடிய இன்னும் இருபது ஆண்டுகள்கூட முழுதாக இல்லை; அந்த வரைபடத்தை வரையும் வேலையை வலப்பனைப் பிரதேச செயலகம் இப்போதே தொடங்க வேண்டும்.