விடுவிக்கும் அருள்

குடமுழுக்கு மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தார்கள். ஆலயம் எழுந்த வரலாறும் அடியார்களின் உழைப்பும் அன்பர்கள் அனைவரும் அறிந்தவை. இம்மலரின் பிற பக்கங்களிலும் அவை இடம்பெறும். ஆகவே அவற்றை விடுத்து, நம் வாகன மண்டபத்திலிருந்து தொடங்குகிறேன். மயிலும் மூஞ்சூறும் காளையும் அன்னமும் அங்கே தெய்வத்துக்கு அடுத்தபடியாக நிற்கின்றன. உயிர்களை இறைவனுக்கு இவ்வளவு அருகில் வைத்த மரபு நம்முடையது. அந்த மரபின் உட்பொருளை, நம் நூல்களில் ஒரு வரியும் படித்திராத சிலர், லண்டனிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நாள்தோறும் நடத்திக் காட்டுகிறார்கள். வனவிலங்கு மறுவாழ்வு நிலையங்களை நடத்துவோர் அவர்கள். அவர்கள் செய்யும் பணியைப் பிராணிப் பிரியம் என்று சொல்லிக் கடந்துவிடலாகாது. வள்ளுவர் அன்பிலிருந்து வேறு பிரித்து அருள் என்று பெயரிட்ட அறம் அது. இதை நிறுவுவதே என் நோக்கம்.

அன்பும் அருளும்

திருக்குறளில் அன்புடைமை 8ஆம் அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. அருளுடைமை 25ஆம் அதிகாரம். துறவறவியலுக்குத் தலைவாயிலாக நிற்கிறது. இந்த வைப்புமுறை தற்செயலானதன்று. தொடர்புடையார்மேல் செல்லும் பற்று அன்பு என்றும், தொடர்பு நோக்காமல் எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்லும் கருணை அருள் என்றும் பரிமேலழகர் இரண்டையும் பிரித்துக் காட்டுவார். வீட்டு நாயிடம் நாம் காட்டுவது அன்பு; அது வாலாட்டுகிறது, கையை நக்குகிறது, கொடுத்ததற்கு ஈடு கிடைத்துவிடுகிறது. அடிபட்ட நரி மருந்திடும் கையைக் கடிக்கும். முள்ளெலி சீறிப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அன்னம் சிறகால் அறையும். இவற்றைப் பேணுகிறவருக்கு நன்றி என்ற கூலி ஒருநாளும் கிடைப்பதில்லை. குணமடைந்தபின் சொந்தம் கொண்டாடவும் வழியில்லை. காயம்பட்ட காட்டுப் பறவையையும் பாதுகாக்கப்பட்ட விலங்கையும் ஒருவர் எடுத்து வைத்துக்கொள்ளப் பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பேணிக் குணமாக்கித் திரும்ப விடுவதற்காக மட்டுமே தருகிறது. பற்றற்ற கருணையைச் சட்டமே விதியாக்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

இதில் வியப்பு என்னவென்றால், துறவறத்துக்குரிய இந்த அறம் இங்கே பெரும்பாலும் இல்லறத்தாரின் கொல்லைப்புறத்தில் முளைத்தது. லெஸ் ஸ்டாக்கரும் அவர் மனைவி சூவும் 1978இல் ஐல்ஸ்பரியில் தம் வீட்டில் தொடங்கிய பணி, இன்று ஹாடனம் ஊரில் ‘டிகிவிங்கிள்ஸ்’ என்னும் வனவிலங்கு மருத்துவமனையாக நிற்கிறது. டாரத்தி பீசன் எகம் ஊரில் வீட்டுத் தோட்டத்தில் அன்னங்களைப் பேணத் தொடங்கினார். அதுவே ஷெப்பர்டனில் அன்னச் சரணாலயமாக வளர்ந்தது. 2024இல் மறைந்த சைமன் கவல், லண்டன் நிதிச் சந்தையில் தரகராகப் பொருளீட்டியவர். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி நடுவரோடு பெயரொற்றுமை மட்டுமே உடையவர். சந்தையை விட்டுவிட்டு லெதர்ஹெட்டில் விலங்குகளுக்கு ஆயுளைக் கொடுத்தார். நரிகளுக்கென்றே டிரெவர் வில்லியம்ஸ் 1991இல் ஒரு தனி அமைப்பைக் கண்டார்.

இங்கே பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேட்டையில் தாய் மடிந்துபோக, பன்னிரண்டு பன்றிக்குட்டிகள் பசியில் கதறுகின்றன. மதுரைச் சொக்கன் தாய்ப்பன்றியின் உருவெடுத்துப் பால் கொடுக்கிறான். தன் திருவுருவோடு வந்து ஊட்டாமல் பன்றியாகவே ஏன் வரவேண்டும்? குட்டிக்கு வேண்டியது தாயே அன்றித் தெய்வத்தின் தரிசனம் இல்லை என்பதால்தான். நரிக்குட்டிகளை வளர்ப்போர் இதே நுட்பத்தை அறிந்திருக்கிறார்கள். மனித முகமும் குரலும் பழகிவிட்ட குட்டி, நாளை மனிதரை நம்பிச் சென்று அழியும். ஆகவே தடவிக் கொடுப்பதில்லை, கொஞ்சிப் பேசுவதில்லை. தாயற்ற குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்து வளர்த்து, கூட்டமாகவே வெளியில் விடுகிறார்கள். ஊட்டுகிறவர் தம்மை மறைத்துக்கொள்கிறார்.

கொடைமடம்

அருள் மட்டும் போதுமா? வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகனைப் பாடும் பரணர் ‘கொடைமடம்’ என்றொரு சொல்லை ஆள்கிறார். புகழ்ச்சியே ஆனாலும், அதற்குள் அறியாமை என்று பொருள்படும் ‘மடம்’ என்ற சொல் இருப்பதை மறக்கலாகாது. மயிலுக்குப் போர்வை உடுத்தத் தெரியாது. லண்டன் தோட்டங்களிலும் இத்தகைய கொடைமடம் உண்டு. முள்ளெலிக்கு ரொட்டியும் பாலும் வைப்பார்கள். பாலிலுள்ள சர்க்கரை அதற்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு கண்டுவிடும். தரையில் தத்தும் குஞ்சை அநாதை என்று அள்ளி வருவார்கள். அருகிலேயே தாய் இரையோடு காத்திருக்கும். நிலையத்தாரின் அருள் அறிவோடு கூடியது. இலையுதிர் காலத்தில் பிறந்த முள்ளெலிக் குட்டியை அவர்கள் தராசில் கிராம் கிராமாக நிறுத்துப் பார்க்கிறார்கள். சுமார் 450 கிராமாவது தேறாத குட்டி குளிர்கால உறக்கத்திலிருந்து எழுவது அரிது என்பது அவர்கள் அனுபவம். பிற உயிரின் நோயைத் தன் நோயாகக் கருதாத அறிவினால் பயனில்லை என்பது வள்ளுவம். நோயைக் கண்டு உருகும் நெஞ்சுக்கும் அறிவு வேண்டும் என்பது இவர்கள் அதற்கு எழுதும் உரை.

ஈயம் தின்ற அன்னம்

பாலையும் நீரையும் பிரித்தறியும் என்று நம் புலவர்கள் போற்றிய பறவை அன்னம். கலைமகளின் ஊர்தி. தேம்ஸ் நதியின் அன்னத்துக்கோ கல்லையும் ஈயத்தையும் பிரித்தறியத் தெரியவில்லை. பறவைக்குப் பல் இல்லை. விழுங்கிய சிறுகற்களைக் கொண்டு வயிற்றுக்குள் இரையை அரைத்துக்கொள்கிறது. தூண்டில்காரர்கள் நழுவவிட்ட ஈயக்குண்டுகளும் கற்களோடு உள்ளே போகும். அரைபட்ட ஈயம் இரத்தத்தில் கலந்து நரம்பையும் தசையையும் முடக்கும். நிமிர்ந்த கழுத்து துவண்டு முதுகில் சாயும். தொண்டை நிறைய இரை இருக்க, உள்ளே இறங்காமல் பறவை பட்டினியால் சாகும். 1970களிலும் 80களிலும் தேம்ஸ் அன்னங்கள் இப்படித்தான் அருகின. வயிற்றைக் கழுவி ஈயத்தை அகற்றியும், இரத்தத்து நஞ்சை மருந்தால் வெளியேற்றியும் நிலையத்தார் அவற்றைக் காத்தார்கள். 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையுள்ள தூண்டில் ஈயக்குண்டுகளின் விற்பனைக்கு 1987இல் தடை வந்தது. அன்னங்கள் மீண்டும் பெருகின.

தடைகளும் விடைகளும்

இயற்கையின் போக்கில் மனிதர் ஏன் குறுக்கிட வேண்டும் என்று கேட்போர் உண்டு. அன்னம் தின்ற ஈயத்தை இயற்கை வார்க்கவில்லை. நரியை மோதுவது கார். முள்ளெலியை அறுப்பது புல்வெட்டி. குருவியைக் கவ்வுவது நாம் வளர்க்கும் பூனை. குறுக்கீடு முன்னமே நடந்துவிட்டது. இவர்கள் செய்வது கழுவாய்.

மனிதர் துயரே மலையளவு கிடக்க விலங்குக்கு ஏன் பொருள் என்பது அடுத்த கேள்வி. 1824இல் லண்டன் காபிக்கடை ஒன்றில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியபோது அங்கே இருந்தவர்களுள் ஒருவர் அடிமை வாணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸ். அதன் செயலாளராகப் பின்னர் வந்த லூயிஸ் கோம்பெர்ட்ஸ், குதிரை பூட்டிய வண்டியில் ஏறவும் மறுத்தவர். பயிர் வாடக் கண்டு தாமும் வாடிய வள்ளலார்தான் 1867இல் வடலூரில் பசித்த மனிதருக்கு அணையா அடுப்பை மூட்டினார். அருள் அளந்து ஊற்றும் எண்ணெய் அன்று. ஒருபுறம் சுரந்தால் மறுபுறமும் சுரக்கும்.

மூன்றாவது தடையே கடினமானது. முதுகெலும்பு முறிந்த விலங்கை இவர்கள் ஊசியிட்டு உயிர்நீக்கம் செய்கிறார்கள். மீள வழியில்லாத பறவைக்கு அதே 1981ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. கொல்லாமையை உயர்ந்த அறமாகக் கொண்ட நாம் இதை ஏற்கலாமா? பகவான் ரமணர் ஆசிரமப் பசு லட்சுமியை 1948இல் அதன் இறுதி நாளில் அருகிருந்து வருடிக்கொடுத்தார், ஊசியைத் தேடவில்லை. காந்தியடிகளோ 1928இல் சபர்மதியில், மீளாத் துன்பத்தில் துடித்த கன்றை உயிர்நீக்கச் செய்து, அதையும் அகிம்சை என்றே வாதிட்டார், கண்டனங்களையும் ஏற்றார். இரண்டும் நம் மரபே. என் மனம் ரமணர் பக்கம் சாய்ந்தாலும், ஒன்றை ஒப்புகிறேன்: ஓடிப் பறக்க வேண்டிய உயிரைக் கூண்டில் வைத்து நாம் மகிழ்வதற்காக நீட்டிக்கும் வாழ்வு, அருளைவிடப் பற்றுக்கே நெருக்கமானது. அந்தப் பற்றை அறுக்கும் உறுதி இவர்களிடம் இருக்கிறது.

நம் கடமை

தீபாவளியை ஒட்டிவரும் நவம்பர் நெருப்பு விழாவுக்குத் தோட்டத்தில் விறகு குவிப்போர், கொளுத்துமுன் குவியலைப் பிரித்து முள்ளெலி உறங்குகிறதா என்று பாருங்கள். தரையில் குஞ்சைக் கண்டால், எடுக்குமுன் அருகிலுள்ள நிலையத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். மயில் வாகனத்தைத் தோளில் சுமக்கும் நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு காலைப்பொழுதையாவது அந்த நிலையங்களுக்குத் தரட்டும். அங்கே தொண்டருக்கு முதலில் கிடைக்கும் வேலை கூண்டு கழுவுவதுதான். அதில் கூச்சம் வேண்டாம். நாவுக்கரசர் பெருமான் கையில் ஏந்தியது உழவாரம்.