தங்கவயலுக்கு வழிகாட்டியவர்கள்

வறண்ட நிலத்திற்குள் வரும் அயலானை அந்நிலத்தின் குடிகளே அழைத்துச் சென்று, உணவளித்து, உயிருக்கு ஆபத்தின்றித் திருப்பி அனுப்பும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் ஒரு தொழிலாகவும் அதைவிட முக்கியமாக ஓர் உரிமையாகவும் நிலைபெற்றிருந்தது. அரேபியாவிலும் சினாய் தீபகற்பத்திலும் ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்த பெதூயின் குடிகளிடம் இதற்கு எழுதப்படாத, ஆனால் கண்டிப்பான சட்டம் இருந்தது. ஒரு குடியின் எல்லைக்குள் பயணம் செய்பவர் அக்குடியைச் சேர்ந்த ஒருவரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்ல வேண்டும்; ரஃபீக் எனப்பட்ட அந்த வழித்துணைவரின் பாதுகாப்பில் இருக்கும்வரை பயணிக்கு நேரும் தீங்கு, அத்துணைவருக்கும் அவருடைய குடிக்கும் நேர்ந்த அவமானமாகவே கருதப்பட்டது. சினாய் மலையடியிலுள்ள புனித கத்தரீனாள் மடத்திற்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் உரிமையை, அம்மடத்தின் காவலர்களாக ஏற்கப்பட்ட சில குடிகள் தலைமுறைதோறும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. ஆகவே வழிகாட்டிக்குக் கிடைத்த கூலி, அவருடைய உழைப்புக்கான ஊதியமாக மட்டும் இல்லாமல், நிலம் யாருடையது என்பதை ஒவ்வொரு பயணத்திலும் ஒப்புக்கொள்ளும் காணிக்கையாகவும் இருந்தது.

நில உரிமையை ஒப்புக்கொள்ளும் இந்த இரண்டாம் பகுதி விடுபட்டு, வழிகாட்டும் வேலை மட்டும் நடந்தேறினால் என்ன நேரும் என்பதற்குக் கோலார் தங்கவயலின் இருநூறு ஆண்டு வரலாறு சான்றாகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்தபின் மைசூர் அரசின் எல்லைகளை அளக்கும் வேலை தொடங்கியது. அதில் ஈடுபட்டிருந்த ஆங்கிலேயப் படை அதிகாரி ஜான் வாரன், 1802இல் கோலார்ப் பகுதிக்கு வந்தபோது, ஊரிகம் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள மண்ணில் பொன் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, அதைக் காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ஊரார் மாட்டு வண்டிகளில் மண்ணை ஏற்றிவந்து அவர் கண்ணெதிரே நீரில் அலசிக் காட்டினர். சேறு கரைந்தோடிய பின் அடியில் பொன் துகள்கள் மின்னின. ஏறக்குறைய 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின் பொன், அதாவது ஒரு குன்றிமணி எடையில் பாதியளவு, தேறியது. அதன்பின் அவர் மாரிக்குப்பத்துப் பழங்குழிகளையும் சென்று பார்த்தார். ஆண்கள் குறுகலான குழிகளுக்குள் இறங்கிக் கல்லை உடைத்துக் கூடைகளில் கைமாற்றி மேலே அனுப்ப, பெண்கள் அதைப் பெரிய கல்லின்மேல் வைத்துத் தூளாக இடித்து, மரப்பலகையில் நீர்விட்டு அலசிப் பொன்னைப் பிரித்தனர். அரித்தெடுக்கும் அந்தப் பக்குவமே இத்தொழிலின் உயிர்; பலகையைச் சற்று அதிகம் சாய்த்தாலும் பொன் மண்ணோடு போய்விடும், குறைவாகச் சாய்த்தால் மண் பொன்னோடு தங்கிவிடும். பழஞ்சுரங்கங்களில் பிற்காலத்தில் கிடைத்த மரத்துண்டுகளைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது அவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை எனத் தெரியவந்ததால், 1802இல் வாரனுக்குக் காட்டப்பட்டது நெடுங்காலம் கைமாறி வந்த ஓர் அறிவின் கடைசிக் கண்ணி என்று கொள்ள இடமுண்டு.

பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்த வாரன் உள்ளூர் அறிவைப் பழிப்பவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பின்னாளில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை வகித்த அவர், தென்னிந்தியரின் காலக்கணிப்பைப் பற்றி 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்ற நூலில், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளின் துணையோடு சந்திர கிரகணத்தைக் கணித்துக்காட்டிய தமிழர் ஒருவரின் முறையை விரிவாகப் பதிவுசெய்தார். ஊரிகத்திலும் அவர் கண்டதை நேர்மையாகவே எழுதினார். குறை அவருடைய பார்வையில் இல்லை. காட்டியவருக்குக் காட்டப்பட்ட பொருளில் பங்குண்டு என்ற ஏற்பாடு எதுவும் அவர் பணிசெய்த ஆட்சியில் இல்லாததே குறை. ஊராருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. உரிமை எவருக்கும் எழுதப்படவில்லை.

அதன் விளைவு எழுபது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்றுப் பெங்களூரில் குடியேறியிருந்த அயர்லாந்துக்காரர் மைக்கேல் லாவெல், வாரனின் குறிப்பைப் படித்துவிட்டு 1871இல் மாட்டு வண்டியில் கோலாருக்கு வந்து பழங்குழிகளைத் தேடிக் கண்டார். 1873இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பித்து, 1875இல் இருபது ஆண்டுக் குத்தகையும் பெற்றார். அவரிடமிருந்து உரிமை கைமாறி, 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் உள்ளே வந்தது. அந்நிறுவனம் தொடக்கத்தில் பணத்தை இழந்து திணறியபின், பழஞ்சுரங்கத்தார் தோண்டிய குழிகளின் தடத்தைப் பின்பற்றி இறங்கியபோதே சாம்பியன் ரீஃப் என்ற வளமான பொன்படுகையை எட்டியது. உயிரோடிருந்த ஊரார் வாரனுக்கு வழிகாட்டினர் எனில், மறைந்துபோன மூதாதையர் டெய்லர் நிறுவனத்திற்கு வழிகாட்டினர் எனலாம்.

சுரங்கம் பெருகியதும் வட ஆற்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ் பேசும் உழைப்பாளர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். லைன் என்று இன்றும் அழைக்கப்படும் வரிசைக் குடியிருப்புகளில், மூங்கில் தட்டியால் அமைந்த ஓரறை வீடுகளில், அவர்கள் குடியமர்த்தப்பட்டனர்.  பொன்னின் அறிவு இப்போது குற்றத்தின் நிழலாக மாறியது. 1897ஆம் ஆண்டின் மைசூர் சுரங்க ஒழுங்குமுறைச் சட்டம், பொன் கலந்த கல்லையோ தூளையோ கணக்குக் காட்ட முடியாமல் வைத்திருப்பதையே தண்டனைக்கு உரியதாக்கியது. முன்பு நீரில் அலசி விருந்தினருக்குக் காட்டிய பொருள், தொழிலாளியின் மடியில் இருந்தால் சிறை என்றானது. கைரேகை பதிந்து தொழிலாளர்களைப் பட்டியலிடும் திட்டத்தை எதிர்த்து 1930இல் தங்கவயலே வேலையை நிறுத்தியது. தாம் வாழும் நிலத்திலும் தம் உழைப்பிலும் தாமே சந்தேகத்திற்கு உரியவர்களாக நடத்தப்படுவதை அவர்கள் ஏற்க மறுத்த நிகழ்ச்சியாகவே அதைக் காண வேண்டும்.

ஆனாலும் வழிகாட்டும் வேலை ஓயவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டரையும் தாண்டி இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸ் அளவை எட்ட, குளிரூட்டிய காற்றை உள்ளே செலுத்தியே வேலை நடந்தது. பாறை தன்மேல் ஏறிய பாரத்தைத் தாங்காமல் திடீரெனச் சிதறும் பாறை வெடிப்பு எப்போது நேரும் என்பதைக் கருவிகள் சொல்வதற்கு முன்பே, கல்லின் முறுமுறுப்பைக் காதால் கேட்டு அறியப் பழகியவர்கள் அங்கே இருந்தனர். அவர்கள் இயக்கிய கூண்டில் ஏறித்தான் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள், ஜப்பானிய, ஆங்கிலேயக் குழுக்களோடு சேர்ந்து, தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே கருவிகளை நிறுவி, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகளின் தடத்தை 1965இல் கண்டனர். இயற்பியல் வரலாற்றில் இடம்பெற்ற அக்கண்டுபிடிப்புக்குத் தங்கவயல் தொழிலாளி விருந்தளித்தவர் என்ற நிலையில் துணைநின்றார். அந்த வரலாற்றில் அவருக்கும் ஒரு வரி கிடைத்திருக்க வேண்டும்.

1956இல் மைசூர் அரசுக்கும் பின்னர் மத்திய அரசுக்கும் உடைமையான சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. எஞ்சி நிற்பது ஒரு பாலைநிலம்; இயற்கை படைத்தது அன்று, மனிதர் படைத்தது. கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைக் கரைத்துப் பிரித்தபின் மிஞ்சிய சக்கை, மூன்று கோடி டன்னுக்கும் மேலாகக் குன்றுகளாகக் குவிந்துள்ளது. மழைநீர் அறுத்த ஓடைகள் அவற்றின் சரிவெங்கும் ஓட, மரமின்றி வெளிறிக் கிடக்கும் இந்தச் சயனைடு மேடுகளில், கோடைக் காற்று எழுந்தால் மாவு போன்ற தூசி லைன் வீடுகளின் சோற்றுப் பானைவரை வந்து படிகிறது. 2018இல் வெளியான திரைப்படம் ஒன்று இம்மேடுகளில் படமாக்கப்பட்டபின், அவற்றைக் காண ஒருநாள் பயணமாகப் பெங்களூரிலிருந்து வருவோர் பெருகினர். அதே பெங்களூருக்கு, 1894இல் போடப்பட்ட மாரிக்குப்பம் தடத்தின் வழியே, சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிக் கூலி வேலைக்கும் அலுவலக வேலைக்கும் சென்று இரவில் திரும்புகிறார்கள். நிலத்தை அறிந்தவர் வெளியூரில் உழைக்க, நிலத்தை அறியாதவர் துணையின்றி மேட்டில் ஏறிப் படமெடுத்துத் திரும்பும் இந்நிலை வருத்தத்திற்கு உரியது.

பெதூயின் குடிகளுக்கும் எல்லாம் நன்மையாக முடிந்துவிடவில்லை. ஜோர்டானின் பெட்ராவில் பாறைக் குகைகளில் வாழ்ந்த பிதூல் குடியினர், 1985இல் அந்த இடம் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட காலத்தில், அருகிலிருந்த உம் சைஹூன் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். ஆயினும் பெட்ராவில் விருந்தினரை அழைத்துச் செல்வதும், வாதி ரம் பாலையில் ஜீப்பிலும் ஒட்டகத்திலும் ஒருநாள் சுற்றிக்காட்டி, கூடாரத்தில் தேநீர் கொடுத்து, மணலுக்கடியில் புதைத்த அடுப்பில் சமைத்த இறைச்சியைப் பரிமாறுவதும் பெரும்பாலும் அவ்விடத்துக் குடிகளின் கையிலேயே இருக்கின்றன. பழைய ரஃபீக் உரிமையின் ஒரு பகுதியேனும் புதிய தொழிலுக்குள் உயிரோடு நுழைந்திருக்கிறது.

தங்கவயலில் அத்தகைய ஏற்பாடு செய்ய இன்னும் காலம் கடந்துவிடவில்லை. சுரங்கங்கள் மூடிய நாளில் இருபது, முப்பது வயதில் இருந்தவர்கள் இன்றும் லைன்களில் இருக்கிறார்கள். கிஃபோர்டு சாஃப்ட் என்ற சுரங்க இறங்குகுழியின் வாயிலில் நின்று கூண்டு எத்தனை மணியடித்தால் இறங்கும், எத்தனைக்கு ஏறும் என்றும், எந்த மேட்டின் அடியில் சேறு இன்னும் உள்வாங்கும் என்றும், எந்தக் காற்றில் அங்கே போகவே கூடாது என்றும் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. சுற்றுலாவுக்கென எந்தத் திட்டம் வந்தாலும், அம்மேடுகளில் வெளியாரை அழைத்துச் செல்லும் உரிமையும், தம் வீட்டில் அவர்களுக்குச் சோறிட்டு அதற்குரிய பணத்தைப் பெறும் உரிமையும் லைன் குடும்பங்களுக்கே முதலில் உண்டு என்று அத்திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். 1802இல் எழுதாமல் விட்டதும் அதுதான்.