சிவஞானபோதம் ஆங்கிலம் புக்க வரலாறு

செஞ்சியென்றவுடன் கோட்டையும் படையுமே நினைவிற்கு வருதல் இயல்பு. நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர் எனப் பலர்பாற் கைமாறிய அம்மலையரண் 1761இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அக்கோட்டைக்குத் தெற்கே, பெண்ணையாற்றின் தென்கரைத் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதமோ, அரண் யாதுமின்றியே நிலைபெற்றது. நூற்பா 12, அடி 40 என்னும் அச்சிறு நூலும் பின்னர் ஆங்கிலம் புக்கது.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரியார் ஹொய்சிங்டன் செய்த மொழிபெயர்ப்பு, 1854இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தார் வெளியீட்டில் வந்தது. தம் சமயம் பரப்ப வந்தவர் சைவ நூலைக் கடல் கடத்தியது வியப்பன்று. மறுக்கப் புகுவார்க்கும் முன்னர்க் கற்றல் வேண்டுமன்றோ? பின்னர் ஜில்லா முன்சீபாக அலுவல் பார்த்த ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை, குறிப்புரையுடன் தம் மொழிபெயர்ப்பை 1895இல் வெளியிட்டார். சிவஞான முனிவரது மாபாடியம் முழுதும் அச்சேறாத காலம் அது. ஆங்கிலங் கற்ற தமிழர் சிலர் தம் நாட்டு மெய்ந்நூலை அயன்மொழி வாயிலாகவே முதற்கண் கண்டனர். அது நாணத்தக்கதே, எனினும் காணாதிருத்தலினும் நன்று.

இடர் பிறிதோரிடத்துளது. அத்துவிதம் என்னுஞ் சொல்லை ஆங்கிலத்தில் ‘மானிஸம்’ எனக் கொள்வார், பொருள் ஒன்றே யென்னும் ஏகான்மவாதத்தையே மெய்கண்டார் கூறினாரென மயங்குவர். அவரோ, ஏகமென்பது அச்சொற்குப் பொருளன்றென்றும், வேறன்மையையே அச்சொல் உணர்த்துமென்றும் இரண்டாஞ் சூத்திரத்து உரையிற் கடாவி நிறுவினார். உடம்பிற்கு இட்ட பெயரைச் சொல்லி அழைத்த வழி ‘என்’ என்று எதிருரைப்பது உயிர். அதனால் உயிர் உடம்பாகி விடாது, உடம்பின் வேறாய்ப் பிரிந்தும் நில்லாது. பண்ணும் ஓசையும், பழமுஞ் சுவையும் அத்தகையவே. இறைவனும் உயிரும் கலந்து நிற்கும் நிலை இவ்வுவமைகளால் விளங்குவது போல ஒரு கலைச்சொல்லால் விளங்குமாறில்லை. நல்லசாமிப் பிள்ளை இதனை நன்குணர்ந்தவர். அத்துவிதம் ஒருமையுமன்று, இருமையுமன்று என்பதைத் தம் கட்டுரைகளிற் பன்முறை வற்புறுத்தினார்.

ஆணவத்திற்கு வாய்த்த கதி இன்னும் இரங்கத்தக்கது. ‘ஈகோயிஸம்’ எனப் பெயர்த்தவழி அது செருக்கென்னும் ஒரு குணமாகச் சுருங்குகின்றது. சித்தாந்தத்தில் அஃது உயிரை அநாதியே மறைத்து நிற்கும் இருள்மலம்; செருக்கு அதன் காரியங்களுள் ஒன்று. மலத்தைக் குணமாகக் கொண்டவர்க்கு, நல்லொழுக்கத்தாலேயே அது நீங்குமெனத் தோன்றும்; திருவருள் எற்றுக்கென்னும் வினாவும் எழும். ஒரு சொற்பிழையால் முத்திநெறி முழுதும் நிலைமாறுதல் காண்க.

1897இல் சித்தாந்த தீபிகை தோன்றியபின் இவ்வாராய்ச்சி விரிவுற்றது. மெய்கண்டார் மாணவரும் நடுநாட்டுத் துறையூரினருமாகிய அருணந்தி சிவாசாரியரது சித்தியார்ச் சுபக்கமும், நல்லசாமிப் பிள்ளையாரால் ஆங்கிலமாக்கப்பெற்று 1913இல் நூலுருப் பெற்றது.