திருத்தணி எல்லை மாற்றம் (1960)

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. 'ஆந்திரப் பிரதேசம், சென்னை (எல்லைகள் மாற்றம்) சட்டம், 1959' என்ற நாடாளுமன்றச் சட்டம் இதற்கு வழிசெய்தது. ஈடாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திராவுக்குப் போயின.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டது. முருகன் குடிகொண்ட தணிகை மலையும் கைவிட்டுப் போயிற்று. மங்கலங்கிழாரும் தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் இல்லாதிருந்தால் இந்தச் சட்டமே வந்திருக்காது. திருப்பதி வரை கேட்ட அந்தப் போராட்டத்துக்குக் கிடைத்தது திருத்தணி. மத்தியஸ்தராக அமர்ந்த எச்.வி.படாஸ்கர் மாவட்டத்தையோ வட்டத்தையோ அலகாகக் கொள்ளவில்லை. கிராமத்தை எடுத்துக்கொண்டு, அங்குப் பெரும்பான்மையோர் பேசும் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்தார். நேர்மையான அளவுகோல் அது.

இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்படவில்லை. மாநில எல்லையைச் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றும் அதிகாரத்தை 3ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அத்தகைய சட்டம் திருத்தமாகக் கருதப்படாது என்கிறது 4ஆவது பிரிவு. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்க வேண்டும், ஆனால் அதன் சம்மதம் கட்டாயமல்ல. கருத்துச் சொல்லக் கெடு விதிக்கும் அதிகாரமும் 1955இன் ஐந்தாவது திருத்தத்தில் வந்துவிட்டது. பாபுலால் பராத்தே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959இல் இதையே உறுதிசெய்தது. 2014இல் ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்த பின்பும் தெலங்கானா அமைந்தது இந்த வழியில்தான். அயல்நாட்டுக்கு நிலம் கொடுப்பது வேறு: அதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது 1960 மார்ச்சில், திருத்தணி கைமாறுவதற்குச் சில நாள் முன்பு.

எல்லை மாறினால் நீதிமன்றமும் மாறும். மேல்முறையீட்டுக்குச் சென்னைக்கு வந்துகொண்டிருந்த திருத்தணி வழக்காளி 1954இல் குண்டூருக்கும், 1956க்குப் பின் ஹைதராபாத்துக்கும் போக வேண்டியதாயிற்று. ரயிலில் இரண்டு மணி நேரத்தில் எட்டக்கூடிய சென்னை உயர் நீதிமன்றம் 1960இல்தான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. எந்தக் கோடு போட்டாலும் இருபுறமும் மொழிச் சிறுபான்மையினர் இருப்பார்கள். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசுவோர் இன்றும் கணிசம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற அவர்களுக்கு வசதி செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது 1956இல் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு. சித்தூர்த் தமிழருக்கு நாம் கேட்கும் அதே உரிமையை இவர்களுக்குக் குறைவின்றி வழங்குவது தமிழக அரசின் கடமை.