பணியிழந்த குருவும் பக்கம் நின்ற மக்களும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே தீவகம் செல்வோர் மண்டைதீவை அடுத்து அடையும் ஊர் அல்லைப்பிட்டி. வேலணைத்தீவின் கிழக்கந்தத்தில் அமைந்தது. ஒல்லாந்தர் இத்தீவுக்கு லெய்டன் எனப் பெயரிட்டனர். இவ்வூர்க் கத்தோலிக்க ஆலயம் புனித பிலிப்பு நேரியாரின் பெயர் தாங்கியது. உரோமாபுரியில் வாழ்ந்த நேரியார் (1515-1595), துறவற வார்த்தைப்பாடுகளாலன்றி அன்பினால் மட்டும் பிணைந்து குருமார் ஒரு கூரையின்கீழ் வாழும் ஒரற்றோரியன் சபையைத் தொடக்கியவர். ஒல்லாந்தர் காலத்தில் குருவற்றுக் கிடந்த யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த குரு இச்சபையின் கோவாக் கிளையைச் சேர்ந்தவரே. பணி பறிக்கப்பட்ட குருவுக்கு ஆறுதலளிப்போர் யாவர் என்னும் வினாவை ஆராயப் புகுவோர்க்கு இப்பெயர் நல்லதொரு தொடக்கமாகும்.

1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருமார் நாட்டினின்றும் அகற்றப்பட்டனர். ஆலயங்கள் சீர்திருத்த சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிகளாகவும் மாறின. கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் எனக் கட்டளை பிறந்தது. இக்கட்டளையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். குருவைத் துரத்துவதோடு அமையாது, அவருக்குக் கதவு திறப்போரையும் அது குறிவைத்தது. குருவின் பலம் அவரை ஏற்கும் வீட்டில் உள்ளது என்பதை ஆட்சியாளர் நன்கு உணர்ந்திருந்தனர் போலும்.

கோவாவில் 1651 இல் பிறந்த யோசேவ்வாஸ் அடிகளார், 1687 இல் கூலியாள் வேடத்தில் இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்தில் வயிற்றுளைவு நோயால் வீழ்ந்த அவரைத் தொற்றுக்கு அஞ்சியோர் ஒதுக்கிவிட்டனர் என்றும், இரக்கமுள்ள பெண்ணொருத்தி கஞ்சி கொண்டுவந்து காத்தாள் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அப்பெண்ணுக்கு அவர் குருவென்பது தெரியாது. பின்னர் கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாய்ப் பிச்சை ஏற்று, அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோரைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். இரவில் திருப்பலி, பகலில் மறைவு. மேய்ப்பனை மந்தை காத்த காலம் அது.

ஆயினும் மக்களால் கொடுக்க இயலாத ஒன்றும் இருந்தது. பிறருடைய பாவசங்கீர்த்தனத்தை இரவு முழுவதும் கேட்ட அவருக்குத் தம் பாவசங்கீர்த்தனத்தைச் சொல்ல ஒரு குரு இலர். உடன்வந்த யோவான் என்னும் உதவியாளரும் குருவல்லர். சகோதர ஒரற்றோரியர் கோவாவிலிருந்து வந்து சேரும்வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள், கண்டியில் ஒற்றரென ஐயுற்றுச் சிறையிட்ட நாட்கள் உட்பட, இந்நிலை நீடித்தது. அடிகளாரின் அற்புதங்களைப் பேசுவோர் பலர். இத்தனிமையைப் பேசுவோர் சிலரே. உணவும் புகலிடமும் வேறு, ஆன்மீகத் துணை வேறு என்பதை இது நன்கு விளக்கும். 1711 இல் கண்டியில் இறந்த அவர் 2015 இல் கொழும்பிற் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அவர் காலத்திலேயே, 1705 இல், வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் யாத்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் மக்களே ஓதுவதற்கு உரியது. குரு இல்லாத ஊரில் மூப்பர் நூலை விரித்து ஓத, மக்கள் கேட்டிருப்பர். குருவின் இடத்தை நூலும் ஓரளவு நிரப்பியது எனலாம்.

பிறர் பறித்த பணிக்கு அல்லைப்பிட்டியே அண்மைக்காலச் சான்று. 2006 ஆகஸ்ட் 12-13 இரவில், மக்கள் தஞ்சம் புகுந்திருந்த நேரியார் ஆலயம் எறிகணை வீச்சுக்குள்ளாகிப் பலர் உயிரிழந்தனர். சில வாரங்களுக்கு முன்னரே பங்கைப் பொறுப்பேற்றிருந்த நிகால் ஜிம் பிறவுண் அடிகளார், ஆகஸ்ட் 20 அன்று பங்கு மக்களில் ஒருவருடன் அவ்வூருக்குச் சென்றவர் திரும்பவில்லை. இம்முறை மறைத்துக் காக்க ஊரில் மக்களும் இலர், அவர்களும் இடம்பெயர்ந்திருந்தனர்.

இவையெல்லாம் வெளியார் பறித்தவை. திருச்சபையே பணியினின்று நீக்கும் குருவின் நிலை யாது? அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார், 1990 இல் வெளியான மரியாளும் மனித விடுதலையும் என்னும் நூலின் பொருட்டு 1997 சனவரியில் சபைநீக்கம் செய்யப்பட்டார். அருட்சாதனங்களை நிறைவேற்றவும் பெறவும் தடை. எனினும் அவருடைய துறவற சபை அவரைக் கைவிடவில்லை, சமரசத்துக்கு முயன்றது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஆதரவு திரண்டது. ஓராண்டின்பின், 1998 சனவரியில், தண்டனை நீங்கியது. ஆனால் அவர் உலகறிந்த அறிஞர். பெயரறியப்படாத ஒரு பங்குக்குரு ஓசையின்றி நீக்கப்படின், நேற்றுவரை சுவாமி என்றழைத்த ஊர் அவரை எப்பெயரால் அழைப்பதென்று தடுமாறும்; பின்னர் அழைப்பதையே தவிர்க்கும். ஒல்லாந்தர் கட்டளை சாதிக்க இயலாததைக் கூச்சம் சாதித்துவிடும்.

ஈண்டு ஒரு வேறுபாடு இன்றியமையாதது. பிறரைத் துன்புறுத்தியமையால், சிறப்பாகச் சிறுவரைத் துன்புறுத்தியமையால், நீக்கப்பட்டவருக்கு ஆறுதல் அளித்தலென்பது அவரைப் பணிக்கு மீட்பதன்று. துன்புற்றவரே முதற்கண் கவனிக்கப்படவேண்டியவர். திருச்சபைச் சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. குருநிலையினின்று நீக்கப்பட்டு உண்மையாகவே வறுமையுற்றவருக்கு இயன்றவாறு உதவி செய்யுமாறு 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1350 ஆம் விதி ஆயரைப் பணிக்கிறது. 2021 இன் திருத்தம், அவ்வுதவி பதவியோ திருப்பணியோ ஆகலாகாது எனத் தெளிவுபடுத்தியது.

சோறு பற்றிச் சட்டம் பேசுகிறது. தனிமை பற்றிப் பேசவில்லை. சபைநீக்கம் பெறாது குருநிலை மட்டும் இழந்தவர் பொதுநிலையினரைப் போல அருட்சாதனங்களைப் பெறலாம். இறக்கும் தறுவாயிலுள்ள ஒருவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு மன்னிப்பளிக்கும் ஆற்றலும் 976 ஆம் விதியின்படி அவரிடம் எஞ்சியுள்ளது. அயல்வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கையில், வேறு குரு எட்டாவிடத்து, அவர் கதவைத் தட்டலாம்.