சாவிக்கு வாரிசு உண்டு, சொல்லுக்கு?

பூட்டு என்றால் நமக்கு இரும்புதான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய்ப் பூட்டின் சாவி தொலைந்தால் பூட்டு செய்கிறவரைத் தேடிப் போகலாம். அவராலும் முடியாவிட்டால் அறுத்துவிடலாம். பூட்டுதான் போகும், பெட்டிக்குள் இருக்கும் பத்திரம் போகாது. அதைவிட முக்கியம், சாவி கைமாறும். கொத்துச்சாவி மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்குப் போனால் வீட்டுப் பொறுப்பே கைமாறியதாக அர்த்தம்.

கடவுச்சொல் இந்த வம்சத்தில் பிறந்ததல்ல. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கைவைக்காமல் இருக்க, அந்த அமைப்பில் ஆளுக்கொரு சொல் கொடுத்தார்கள். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், எல்லாருடைய சொற்களும் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்துப் பூட்டு அவ்வளவுதான்!

1997இல் வந்த ஏ.டி.ஏ-3 தரம், பூட்டை ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் திறக்காது. ஐந்து முறை தப்பாகப் போட்டால், மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கும்வரை மேற்கொண்டு முயலவே விடாது. பயனர் சொல், மாஸ்டர் சொல் என்று இரண்டு உண்டு. 'உயர்' நிலையில் பூட்டியிருந்தால் மாஸ்டர் சொல்லும் திறக்கும். 'அதிகபட்ச' நிலை என்றால் மாஸ்டர் சொல்லால் முடிவது ஒன்றுதான்: உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டு வெறும் டிஸ்க்கைத் தருவது. திருடனுக்கு எதிராக நல்ல ஏற்பாடு. ஆனால் வாரிசும் திருடனும் அதற்கு ஒன்றுதான்.

இது எனக்கு உறைத்தது எங்கள் அயோத்தியாப்பட்டணத்தில். ஊரின் பழைய படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் டிஸ்க் கிடைத்தது. கோதண்டராமர் கோயில் விசேஷம், கல்யாணம், காதுகுத்து என்று ஊரே அதற்குள் இருந்தது. படம் எடுத்தவர் இறந்துவிட்டார். மகனோடு சேலத்துக்குப் போனேன். ரிப்பேர் பார்க்கிறவர் மாட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டு கம்ப்யூட்டர்ல இல்லீங்க, டிஸ்க்குலயே இருக்குது. வேணும்னா அழிச்சுத் தரேன், புதுசாட்டம் ஓடும்" என்றார்.

மகன் யோசிக்கவே இல்லை. "வேண்டாங்க. தொறக்காட்டிப் பரவால்ல, அப்பா எடுத்ததெல்லாம் உள்ளயே இருக்கட்டும்."

கறையான் அரித்த ஓலைச்சுவடி இல்லாமலே போய்விடும். இந்த டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருக்கிறது, பார்க்கத்தான் முடியாது. சிந்துவெளி எழுத்தும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே தொலைந்தது ஒரு சமூகமே அறிந்திருந்த வாசிப்பு. இங்கே தொலைந்தது ஒரே ஒரு மனிதரின் ஞாபகம். ஓர் ஊரின் பல வருடங்கள் ஒருத்தர் தலைக்குள் இருந்த ஒற்றைச் சொல்லை நம்பி இருந்திருக்கின்றன. அந்தக் கல்யாணங்களில் இன்று நம்மிடம் மிஞ்சுவது, அன்றைக்கே ஆல்பமாகி வீடுகளுக்குப் போன படங்கள் மட்டும்தான்.

இணையக் கணக்குகளுக்கு இந்தச் சிக்கல் தாமதமாகவாவது புரிந்தது. பயன்படுத்தாத கணக்கை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதியை கூகுள் 2013இல் கொண்டுவந்தது. ஆப்பிள் 2021இல் வாரிசுத் தொடர்பு வசதியைச் சேர்த்தது. பீரோவில் கிடக்கும் டிஸ்க்குக்கு அப்படி எந்தக் கம்பெனியும் வராது. ஆனால் அதே பீரோவின் சாவி அரிசிப் பானையில் இருக்கிறதா, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறதா என்று வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்கும். யாரும் சட்டம் போட்டு வந்த வழக்கமில்லை அது. கடவுச்சொல்லுக்கும் நம் வீடுகளில் அப்படி ஒரு சாமி படம் வேண்டியிருக்கிறது.