கப்பலும் லாரியும்: ஒரு ஹீப்ரு சிரிப்புப் படத்தை முன்வைத்து

1985இல் வெளியான ஒரு ஹீப்ரு நகைச்சுவைப் படம் 'ஹரீமூ ஓகென்'. தமிழில் சொன்னால் 'நங்கூரத்தைத் தூக்கு'. இயக்கியவர் டான் வோல்மன். பென்சி, யூதலே என்று இரண்டு விடலைப் பையன்கள் கப்பலேறுகிறார்கள். பெண்கள் பின்னால் அலைகிறார்கள், மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். குண்டுப் பையன் யூதலே படம் முழுக்க அசிங்கப்படுகிறான், கொட்டகை சிரிக்கிறது. இந்தக் கூத்தைப் பற்றிப் போய் எதுக்கு எழுதணும் என்று தோழர்கள் கேட்கலாம். படத்தைவிட அந்தக் கப்பல்தான் எனக்கு முக்கியம்.

இது 'எஸ்கிமோ லிமோன்' வரிசையில் வந்த படம். போவாஸ் டேவிட்சன் இயக்கிய முதல் படம் 1978இல் வந்தது. இஸ்ரேலின் மொத்த சனத்தொகையே 40 லட்சத்தைத் தொடாத அந்த நேரத்தில், அந்த ஒரு படத்துக்கு 10 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. தயாரித்தவர்கள் மெனாஹெம் கோலன், யோராம் குளோபஸ். கதை நடப்பது 1950களின் டெல் அவிவில். ராக் அண்ட் ரோல் பாட்டு, எலுமிச்சை ஐஸ், பள்ளிக்கூடக் காதல். 'அது ஒரு காலம்' என்கிற ஏக்கம்தான் சரக்கு. சரி, அந்த 1950கள் யாருடையவை?

அதே 1950களில் நெசக் கப்பல்களும் வந்தன. மொராக்கோவிலிருந்து யூதக் குடும்பங்கள் ஹைஃபா துறைமுகத்தில் வந்து இறங்கின. 1954இல் அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. அதன் பெயர் 'கப்பலிலிருந்து கிராமத்துக்கு'. பெயர் என்னமோ அழகாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், கரையிறங்கியவர்களை லாரியிலும் பஸ்ஸிலும் ஏற்றி, தெற்கே நெகேவ் பாலைவனப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். யெருஹாம், திமோனா, லாகீஷ் வட்டாரம். எங்கே போகிறோம் என்று பல பேருக்குச் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் சுத்தியும் மணல். இறங்கமாட்டோம் என்று லாரியிலேயே உட்கார்ந்துகொண்டவர்கள் உண்டு. 1956, 57இல் போலந்திலிருந்து யூதர்கள் வந்தபோதோ, நகரத்தை ஒட்டிய வீடுகளில் அவர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. ஒரே மதம், ஒரே வேதம்தான். ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசிக்கு ஒரு வரிசை, அரபு நாடுகளிலிருந்து வந்த மிஸ்ராஹிக்கு வேறொரு வரிசை.

இந்த மிஸ்ராஹி மனிதனைத் திரைக்குக் கொண்டுவந்ததும் சிரிப்புப் படம்தான். 1964இல் எஃப்ரைம் கிஷோன் எடுத்த 'சலாஹ் ஷபாத்தி'. தயாரித்தவர் அதே கோலன். இடைத்தங்கல் முகாமில் அடைபட்ட ஒரு கிழக்கத்திய யூதன், பொண்டாட்டி, ஏகப்பட்ட பிள்ளைகள். வேலைக்குப் போகமாட்டான், பகடை ஆடுவான், ஆனால் அதிகாரிகளைக் கோமாளிகளாக்கிவிடுவான். ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் இஸ்ரேலியப் படம் இது. எழுதி இயக்கிய கிஷோன் ஹங்கேரியிலிருந்து வந்தவர், நாஜி முகாமில் உயிர் தப்பியவர். சலாஹாக நடித்த ஹைம் டோபோலும் அஷ்கெனாசி. படம் அதிகாரத்தையும் கேலி செய்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் சோம்பேறி, எழுத்தறியாதவன், பிள்ளைகளின் பெயர்கூட நினைவில்லாதவன் என்கிற பிம்பம் யார் மேல் ஒட்டிக்கொண்டது? ஒருத்தனுடைய வலியை இன்னொருத்தன் எழுதி, இன்னொருத்தன் நடித்து, எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எலா ஷோஹாத் 1989இல் எழுதிய இஸ்ரேலிய சினிமா பற்றிய நூல் இந்தப் பிரதிநிதித்துவ அரசியலைத்தான் கட்டுடைத்தது. அவரும் ஈராக்கிய யூதக் குடும்பத்துப் பெண்.

சனங்கள் சிரித்துக்கொண்டே இருந்துவிடவில்லை. ஹைஃபா துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாதி சலீப் என்றொரு குடியிருப்பு. 1959 ஜூலையில் அங்கே ஒரு மொராக்கோ யூதரைப் போலீஸ் சுட்டுக் காயப்படுத்தியது. தெருவெல்லாம் கொந்தளித்தது. 1971இல் ஜெருசலேமின் முஸ்ராராவில் இளைஞர்கள் திரண்டு, அமெரிக்கக் கறுப்பர்களின் இயக்கப் பெயரையே எடுத்துத் தங்களைக் 'கருஞ்சிறுத்தைகள்' என்று அழைத்துக்கொண்டார்கள். பிரதமர் கோல்டா மேயர் அவர்களைச் சந்தித்துவிட்டு, நல்ல பையன்கள் இல்லை என்றார். 1972இல் அந்தப் பையன்கள் பணக்காரத் தெருக்களில் வாசலில் கிடந்த பால் புட்டிகளை எடுத்துப்போய் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதே 1972இல்தான் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கிளம்பினார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பெயர் வந்த ஊற்று மட்டும் ஒன்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். வாதி சலீபும் முஸ்ராராவும் 1948க்கு முன் பாலஸ்தீன அரபுகள் குடியிருந்த இடங்கள். விரட்டப்பட்டவன் வீட்டில் ஒதுக்கப்பட்டவனைக் குடிவைத்தது அதிகாரம். ஒடுக்கப்பட்டவன் நிற்கிற தரைக்கு அடியிலும் இன்னொருத்தன் இழப்பு கிடக்கிறது. இதைப் பேசாத விடுதலை அரைகுறைதான்.

2017இல் யெருஹாமில் வளர்ந்த டேவிட் டெரி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அரசாங்கக் கோப்புகளைத் தோண்டி, அந்த லாரிகளின் கதையைச் சொன்னார். ஹீப்ருத் தலைப்பின் முதல் சொல் 'சலாஹ்'. சிரிப்புப் படத்தில் கோமாளியாக நின்ற அதே பெயர். கப்பலில் வந்தவர்களின் பிள்ளை கேமராவைக் கையில் எடுத்தபோது, அந்தப் பெயரைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.